வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்

கண்ணு,

நாளை மறுநாள் நீ சென்னையில் மேடையேறிப் பேசப் போகிறாய். அதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். இரண்டு முறை கூப்பிட்டேன். நீ எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவன் நான். இப்போது அரசுப் பெரியாஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, உன் அம்மா வாங்கித் தந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பதை முறைப்படி சொல்லித்தான் ஆக வேண்டும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் வரிசையாகப் படி.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ வீட்டுக்கு வந்திருந்தாய். உன் கட்டுரை அச்சான தாளை அம்மா டிவிக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். எனக்கு ஆங்கிலம் வராது என்று நீயே சோற்றைப் பிசைந்துகொண்டு தமிழில் விளக்கினாய். "ஐசியூல ஆளுகளை ரொம்ப நாள் வெச்சிருக்கத் தேவையில்லைங்கப்பா. கொஞ்சம் தேறுனதும் சீக்கிரமா வார்டுக்கு மாத்திரலாம். கட்டில் காலியாகும், அடுத்த சீக்காளிக்கு இடம் கிடைக்கும். அப்படி மாத்துனதால சாவு கூடவே இல்லை. நம்ம ஆஸ்பத்திரி ரெக்கார்டு பூராவும் பாத்துட்டேன்" என்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து உன் அம்மா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனவங்களை எதுல எழுதுவாங்க கண்ணு?" நீ சாதாரணமாகச் சொன்னாய்: "அவங்க இதுல வரமாட்டாங்கப்பா. சொந்த விருப்பத்துல டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போனவங்க. அதுக்கப்புறம் என்னாச்சுன்னு யாருக்குங்க தெரியும்?"

எனக்குத் தெரியும் கண்ணு. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸை இத்தனை வருஷமாக ஓட்டியவன் நான். அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு வந்தவன் நான்தான். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

இனிப் பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் கைவிட்டவர்களை வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அதில் நான் குற்றம் காணவில்லை. தொண்ணூறு வயதுப் பெரியவரைச் சொந்தக் கட்டிலில் படுக்கவைத்து, பேரன் பேத்திகள் சுற்றி நிற்க உயிர் போகட்டும் என்று கேட்பார்கள். ஆக்சிஜன் மாட்டி, குலுங்காமல் ஓட்டிக்கொண்டுபோய் விடுவேன். ஆரம்ப வருஷங்களில் நான் இப்படிக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஐசியூவிலிருந்து நேராக வண்டிக்கு வருவார்கள். நீ உன் தாளில் எழுதியிருக்கும் புது முறை வந்த பிறகுதான் அது மாறியது. இரண்டாம் மாடி வார்டிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். இளவயதுக்காரர்கள் வந்தார்கள். டைலர், சாயப்பட்டறைக்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத பெண். ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றி ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகியிருக்கும். மறுபடி மூச்சு வாங்கும். மறுபடி ஐசியூவுக்கு ஏற்றுவதற்குப் பதிலாக மேனேஜர் சொந்தக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார். பிறகு என் போன் அடிக்கும். இதை நான் ஒரே நாளில் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் புரிந்துகொள்ளாமலும் இல்லை. ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கும்போதே மனசுக்குள் ஒன்று சொல்லும். நான் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடுவேன்.

மரியபுஷ்பத்தைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உன் அம்மாவிடமும் போன வாரம் வரை சொல்லவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் அந்தோணி அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு சேர்த்தார்கள். ஐசியூவில் தேறினாள், வார்டுக்கு மாற்றினார்கள், அங்கே மறுபடி விழுந்தாள். ஒரு நாள் மதியம், நல்ல வெயிலில், அவளை ஏற்றிக்கொண்டு அருள்புரம் கிளம்பினேன். அந்தோணி பின்னால் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். பாதி தூரம் போயிருப்போம். நடுவில் இருந்த கண்ணாடியைப் படபடவென்று தட்டினான்.

"அண்ணாச்சி, வண்டிய நிப்பாட்டுங்க! முழிச்சிட்டா! என்னப் பாக்கா அண்ணாச்சி, தண்ணி கேக்கா!"

ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். அவள் கண் திறந்திருந்தது. என்னையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்புங்க அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கே திருப்புங்க" என்றான். நான் மேனேஜருக்குப் போன் செய்தேன். "கையெழுத்துப் போட்டாச்சுங்ணா. மறுபடி அட்மிஷன் எல்லாம் இல்லீங்ணா. கடைசி நேரத்துல அப்படித்தான் முழிப்பாங்க. நீங்க போங்க" என்றார். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம். அருள்புரத்துக்கும் கால் மணி நேரம். நான் அந்தோணியிடம், "போயிரலாம் தம்பி, அவங்க பாத்துதான் சொல்லியிருப்பாங்க" என்றேன். அவன் என்னை நம்பினான். ஆம்புலன்ஸ் சட்டை போட்டவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? லைன் வீட்டின் சின்ன அறையில் பாய் விரித்து அவளைக் கிடத்தினோம். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். மறுநாள் போன் செய்து, பத்திரமாகக் கொண்டுவந்து விட்டதற்கு எனக்கு நன்றி சொன்னான்.

வண்டியைத் திருப்பாமல் போனது எனக்கு அது முதல் முறை இல்லை. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நான் கம்பெனி வேன் ஓட்டினேன். ஒரு நாள் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டில் வரும்போது, சைக்கிளில் துணி மூட்டை கட்டிப் போன ஒருவர் மேல் வேனின் பக்கம் உரசிவிட்டது. நான் நிறுத்தவில்லை. நீ பின்சீட்டில் முழங்காலிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அவரு எந்திரிக்கல" என்றாய். "எந்திரிச்சிருப்பாரு, முன்னாடி பாத்து உக்காரு" என்று அதட்டினேன். மறுநாள் அந்த இடத்து டீக்கடையில் கேட்டேன். யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், அப்புறம் தெரியாது என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் நீ பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உன் பிள்ளைகளுக்கு நீ ஒன்றும் பெரிதாகச் சொல்லித்தர வேண்டாம். அவர்கள் 'எந்திரிக்கல' என்று சொன்னால் வண்டியை நிறுத்து. அது போதும்.

இதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று இருக்கிறது. அந்த ரெக்கார்டு அறையை உனக்குத் திறந்துவிட்டதே நான்தான். கோவையில் மேல்படிப்புக்கு ஆராய்ச்சி செய்ய ஆஸ்பத்திரி தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொன்னதும், மேனேஜரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அவர் யோசிக்காமல், "நம்ம டாக்டர் தம்பிக்கு இல்லாததுங்களாண்ணா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் மகன், கோட்டுப் போட்டுக்கொண்டு அதே ஆஸ்பத்திரியில் தாள் புரட்டுகிறான் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்தத் தாள்களில் என்ன இருக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தும், அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்பதுதான் சரி.

நீ வந்துபோன அந்த ஞாயிறுக்கு மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். "வார்டுல இருந்து ஊட்டுக்கு அனுப்புனவங்களையும் பையன் சேத்துக்கணும்ங்களா?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சத்தம் போடவில்லை, சிரித்தார்.

"அண்ணா, நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. தம்பிக்கு நல்ல நேரம் வந்திருக்குது. நம்மளைப் பாத்து இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரில அடுத்த மாசமே இந்த முறையை ஆரம்பிக்கறாங்க. இப்பப் போயி எதையாவது கிளறுனா யாருக்குங்க கெட்ட பேரு? அந்தத் தாளுல ஆஸ்பத்திரிக்காரங்க பேரு ஒண்ணுமில்லீங்ணா. தம்பி பேரு மட்டுந்தான் இருக்குது."

அதைச் சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தார். வெளியே வந்த பிறகும் அந்தக் கை தோளிலேயே இருப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரியபுஷ்பத்தையும் சொன்னேன். "பையன் அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்னதுக்கப்புறம் தெரிஞ்சா தாங்குவானுங்களா? அவன் பேரு கெட்டாலும் கெடட்டும்ங்க. மொதல்ல சொல்லிப்போடுங்க" என்றாள். நான் சரி என்றேன். ஆனால் வெறும் வாயோடு உன்னிடம் வரக் கூடாது, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது.

முதலில் முதலிபாளையம் போனேன். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வடநாட்டுப் பையன்கள் தங்கும் அறையில் ஒருவனை இறக்கிவிட்டிருந்தேன்; பாயில் கிடத்தியதுமே போய்விட்டான். அந்த அறையில் இப்போது வேறு ஆட்கள். அவன் பெயரைச் சொன்னேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் அந்தப் பாயில் செத்தான் என்பது இந்தத் திருப்பூரில் எனக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. அடுத்த நாள் சாயங்காலம் அருள்புரம் போனேன். அந்தோணி கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான். "அண்ணாச்சியா! உள்ள வாங்க, இருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் படம் சுவரில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். "என் பையன் எழுதுனதுல உன் ஊட்டுக்காரி செத்ததாவே இல்லை தம்பி" என்றேன்.

அவனுக்குக் கோபம் வரும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவன் அடிக்கவில்லை. துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு முழிச்சாள்லா. அப்பவே வண்டியத் திருப்பியிருந்தா இருந்திருப்பாளா?" என்றான். "எனக்குத் தெரியலை தம்பி" என்றேன். "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். "என் பையனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவன் அதைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கான்" என்றேன். அப்போது அவன் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை மறுபடி இரண்டாம் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். சின்னச்சாமி, நாற்பத்தெட்டு வயது, கணியூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அதே மாதிரி நெஞ்சுச் சளி, அதே மாதிரி ஐசியூவிலிருந்து இரண்டு நாள் முன்பு மாற்றியவர். மூச்சு தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் மனைவி கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் ஏறினார். கேட்டைத் தாண்டினேன். கணியூருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?" என்று அந்த அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"அம்மிணி, பெரியாஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?"

"இனிப் பிரயோசனமில்லைன்னுட்டாங்களே. ஊட்டுக்குக் கொண்டுபோறதுதான் நல்லதுன்னாங்களே."

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க. எனக்குத் தெரியலீங்க அம்மிணி. ஆனா இன்னொரு டாக்டரையும் ஒரு தடவை கேட்டுப் பாத்தரலாமுங்க."

அவர் தன் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சீக்கிரம் போங்க" என்றார். சைரனைப் போட்டுக்கொண்டு வலப்பக்கம் திருப்பினேன். அங்கே இருந்த டாக்டரம்மா உன்னைவிடச் சின்னப் பெண்ணாக இருப்பாள். காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் ஐசியூல இருந்திருக்காரு. இன்னும் சரியாகவே இல்லையே. எதுக்குங்க அதுக்குள்ள வார்டுக்கு மாத்துனாங்க?" என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்வது? மாற்றலாம் என்று என் மகன் எழுதியிருக்கிறான் என்று சொல்லவா? அவள் அதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். வண்டி கணியூர் போகவில்லை என்று தெரிந்ததும் மேனேஜர் போன் செய்தார். "சாவியை செக்யூரிட்டிகிட்டக் குடுத்துட்டுப் போயிருங்ணா" என்றார். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் பஸ் ஏறி இங்கே வருகிறேன். அந்த அம்மாவுக்குத் துணையாக என்று சொல்லிக்கொள்கிறேன். என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை என்பதுதான் நிஜம்.

இன்று காலை சின்னச்சாமிக்கு மெஷினை எடுத்துவிட்டார்கள். சொந்தமாக மூச்சு விடுகிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மனைவி அவர் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் விழுங்கினார். அந்த அம்மா வெளியே வந்து என் காலில் விழப் போனார். நான் நகர்ந்துகொண்டேன். வர வேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை கண்ணு. அவர் இறந்திருந்தால், எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று எல்லாரையும் சேர்த்து நினைத்துக்கொண்டு என் மிச்ச நாளை ஓட்டியிருப்பேன். அவர் பிழைத்துவிட்டார். இனி நான் இறக்கிவிட்டு வந்த ஒவ்வொரு வீட்டையும் வேறு மாதிரி நினைக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பாய். சரிதான், படித்தவன் நீ, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டின் பின்பக்கங்களில் எனக்கு நினைவிருக்கும் ஊர்களையும் தெருக்களையும் எழுதியிருக்கிறேன். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர், தெரியாதவர்களுக்கு எந்த வீட்டில் இறக்கினேன் என்ற அடையாளம். நீ அவர்களைத் தேடிப் போ. பிழைத்தவர் இருந்தால் அதையும் எழுது. இறந்தவர்களை இறந்தவர்கள் என்று எழுது. சனிக்கிழமை மேடையில் நின்று, நான் எழுதியது முழுசாக இல்லை, இதை நம்பி யாரும் ஆரம்பிக்காதீர்கள் என்று சொன்னால் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். படிப்பே நின்றாலும் நிற்கலாம். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் வேறு யாராவது ஒரு டிரைவரின் போன் அடிக்கும். அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று எனக்குத் தெரியாது.

நாளைக் காலை அந்தோணி வேலைக்குக் கிளம்புவதற்குள் நான் அருள்புரம் போக வேண்டும். கணியூர்க்காரர் பிழைத்துவிட்டார் என்று அவனிடம் சொல்லப் போகிறேன். சொன்னால் அவன் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வான். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே இருக்க வேண்டும். இந்த நோட்டை இன்று சாயங்காலம் அம்மா கோவை பஸ் ஏறி உன் கையிலேயே கொடுப்பாள். உனக்கு ரயில் நாளை இரவுதான் என்று அவள் சொன்னாள். காலை ஏழு மணிக்கு அருள்புரம் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். நீ வந்தால் இரண்டு பேருமாகப் போகலாம். வராவிட்டால் நான் மட்டும் போகிறேன்.

அப்பா